காக்கையும் பனம்பழமும்: நியூரான்கள் உண்மையிலேயே சேர்ந்துதான் துடிக்கின்றனவா?

சென்ற இதழில் மூளையின் நிலைகளைப் பற்றி எழுதியிருந்தோம். விழிப்பு, ஆழ்ந்த தூக்கம், கனவு வரும் ரெம் தூக்கம், மயக்க மருந்து என்று நிலை மாறும்போதெல்லாம் நியூரான்கள் துடிக்கும் பாங்கும் மாறுகிறது என்பதுதான் அதன் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணக்கைப் பற்றியவை. இரண்டு நியூரான் சேர்ந்து துடிக்கிறதா என்று எப்படி அளப்பது, தூக்கத்தையும் விழிப்பையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எலியின் மூளைப் புறணியில் பதிவான இரண்டு நியூரான்கள். கெட்டமைன்-சைலசின் மயக்கத்தில் 10 நிமிடப் பதிவு. ஒன்று நொடிக்கு 2 ஸ்பைக் (ஒரு துடிப்பு ஒரு ஸ்பைக்), மற்றது 8. ஒன்றின் ஸ்பைக்குக்கு முன்னும் பின்னும் 5 மில்லிசெகண்டுக்குள் மற்றது துடித்தால் ‘சேர்ந்து துடித்தது’ என்று எண்ணினேன். தற்செயலாக 96 வரவேண்டும், 190 வந்தது. விழித்திருக்கும்போது எதிர்பார்த்த எண்ணிக்கையும் கிடைத்த எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன. மயக்கத்தில் ஒத்திசைவு இரட்டிப்பாகிறது என்று எழுதலாமா?
(ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: எழுதலாம். ஆனால் எந்த ஒத்திசைவு என்று சொல்லாமல் எழுதக்கூடாது.

96 எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். 2 × 8 × 600 நொடி × 0.01 நொடி, முன்னால் 5, பின்னால் 5, ஆக 10 மில்லிசெகண்ட் அகலம். இந்தப் பெருக்கலுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. பத்து நிமிடமும் இரண்டு நியூரானும் ஒரே வீதத்தில், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் துடித்தன என்பதே அது. இந்த மயக்கத்தில் அப்படி நடப்பதில்லை. நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான வேகத்தில் ஒரு மெதுவான அலை புறணி முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அலை மேலே இருக்கும்போது எல்லா நியூரானும் கலகலப்பாகத் துடிக்கும். கீழே இறங்கினால் சில நூறு மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய முழு மௌனம். 1993-இல் மிர்ச்சா ஸ்டெரியாடேயின் குழு மயக்கப்பட்ட பூனைகளில் இதை விரிவாகக் காட்டியது.

பாதி நேரம் மௌனம் என்று வையுங்கள். உங்கள் ஸ்பைக்குகள் எல்லாம் மீதி 300 நொடிக்குள் அடங்கிவிட்டன. அந்த நேரத்தில் வீதம் 2-உம் 8-உம் அல்ல; 4-உம் 16-உம். இப்போது பெருக்குங்கள்: 4 × 16 × 300 × 0.01 = 192. உங்களுக்குக் கிடைத்தது 190. அதாவது மில்லிசெகண்ட் அளவில் இந்த இரண்டு நியூரானுக்கும் எந்த உறவும் தேவைப்படாமலே உங்கள் எண் வந்துவிடுகிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எல்லோரும் சொல்வோம். காற்றடித்தால் காக்கையும் எழும்பி மறுபடி உட்காரும், பழமும் உதிரும் என்பதை அதில் யாரும் சேர்ப்பதில்லை. உங்கள் பதிவில் மெதுவான அலைதான் அந்தக் காற்று.

பொதுவான கணக்கு சுலபம். பதிவின் எவ்வளவு பங்கு மேல்நிலையில் (அலை மேலே இருக்கும் நேரத்தில்) கழிந்ததோ, அந்தப் பங்கால் 1-ஐ வகுத்தால் எண்ணிக்கையின் வீக்கம் எவ்வளவு என்று தெரியும். 50 சதவீதம் என்றால் 2 மடங்கு. 80 சதவீதம் என்றால் 1.25 மடங்கு. இயற்கையான ஆழ்தூக்கத்தில் மௌனங்கள் குறுகியவை, வீக்கமும் குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை.

ஆகவே நீங்கள் எழுதவேண்டியது: ‘நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் அளவில் வீதங்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன, அதற்கு மேல் 5 மில்லிசெகண்ட் அளவில் நுண்ணிய ஒத்திசைவு இருப்பதாக இந்த எண்ணிக்கை காட்டவில்லை.’ முதல் பாதி ஒன்றும் மட்டமான முடிவல்ல. அதுவும் மூளையின் குணம்தான். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம்.

கேள்வி: அந்தக் காற்றைக் கழிக்க என்ன வழி? எங்கள் பாடத்தில் ஷஃபிள் முறை சொல்லித் தந்தார்கள். ஜிட்டர் என்றும் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். படிப்படியாகச் சொல்லவும்.
(மாணவர், திருச்சிராப்பள்ளி)

பதில்: ஷஃபிள் பழைய முறை. 1967-இல் பெர்க்கல், கெர்ஸ்டைன், மூர் மூவரும் க்ராஸ் கோரிலோகிராமை (ஒன்றின் ஸ்பைக்கிலிருந்து மற்றதன் ஸ்பைக் எவ்வளவு நேரம் தள்ளி வருகிறது என்று காட்டும் வரைபடத்தை) முறைப்படுத்தியதோடு வந்தது. ஒரே தூண்டலைப் பலமுறை கொடுத்துவிட்டு, முதல் நியூரானின் மூன்றாம் முறையை இரண்டாம் நியூரானின் நான்காம் முறையோடு ஜோடி சேர்ப்பார்கள். தூண்டலால் மட்டும் வரும் ஒற்றுமை இதில் மிஞ்சும், அதைக் கழித்துவிடலாம். இரண்டு இடத்தில் இது காலை வாரும். தூக்கத்தில் ‘தூண்டல் முறை’ என்று ஒன்று கிடையாது, எதை எதோடு மாற்றுவது? இன்னொன்று, முறைக்கு முறை மூளையின் கிளர்ச்சி ஏறி இறங்கினாலும் துடிப்பு தொடங்கும் நேரம் தள்ளிப்போனாலும் நுண்ணிய ஒத்திசைவு இல்லாமலே கோரிலோகிராமில் மேடு வரும். 1999-இல் கார்லோஸ் ப்ரோடி இதை எடுத்துக்காட்டினார்.

எனவே நிலைகளை ஒப்பிடுகிறவர்களுக்கு ஜிட்டர்தான் கைகொடுக்கும். அதிலும் இடைவெளி ஜிட்டர். செய்முறை இது.

பதிவு முழுவதையும் 25 மில்லிசெகண்ட் கட்டங்களாக வெட்டுங்கள். ஸ்பைக் இருக்கும் இடத்தைப் பார்த்துக் கட்டம் போடக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு சுழியிலிருந்து தொடங்குங்கள். இரண்டில் ஒரு நியூரானை எடுத்து, அதன் ஒவ்வொரு ஸ்பைக்கையும் அது இருக்கும் கட்டத்துக்குள்ளேயே சம வாய்ப்புடன் வேறொரு இடத்தில் வையுங்கள். கட்டத்துக்குக் கட்டம் எண்ணிக்கை மாறாது. ஆகவே மெதுவான அலை அப்படியே இருக்கும். 25 மில்லிசெகண்டுக்குள் உள்ள நுட்பம் மட்டும் கலைந்துபோகும். இந்தப் போலித் தொடரை வைத்து மறுபடி எண்ணுங்கள். இப்படி 1000 முறை. உண்மையான எண்ணிக்கைக்குச் சமமாகவோ மேலாகவோ 12 போலிகளில் வந்தால் பி மதிப்பு (தற்செயலாகவே இவ்வளவு வருவதற்கான வாய்ப்பு) 13/1001, அதாவது 0.013. மேலும் கீழும் ஒன்றைக் கூட்டுவதை விட்டுவிடாதீர்கள். விட்டால் பி மதிப்பு சில சமயம் சுழியாகிவிடும். 1000 தடவை குலுக்கியதில் அப்படி ஒரு விடை வருவதற்கே இடமில்லை.

தவறு நடக்கும் இடங்கள்:

கட்டத்தின் அகலம். எண்ணும் சாளரம் 10 மில்லிசெகண்டாக இருக்கும்போது ஜிட்டரும் 10 என்றால் கலைப்பதற்கே இடமில்லை. உண்மையான ஒத்திசைவும் தப்பிப்போகும். 200 வைத்தால், மௌனத்திலிருந்து மேல்நிலைக்குத் தாவும் அந்தச் சில பத்து மில்லிசெகண்டுகளும் கலைந்து, அலையே ஒத்திசைவு வேடம் போட்டுக்கொண்டு வரும். ஒரே அகலத்தோடு நிற்காமல் 15, 25, 50, 100 என்று நான்கு அகலத்தில் செய்து, மிச்சத்தை ஒரே படத்தில் வரையுங்கள். 15-லேயே மிச்சம் வந்துவிட்டால் நுண்ணியது. 100-க்குப் போனபிறகுதான் தலைகாட்டுகிறது என்றால் அது மெதுவான சங்கதி. எங்களைக் கேட்டால் ஒற்றை பி மதிப்பைவிட இந்தப் படம் மேல்.

ஸ்பைக்கையே நடுவாக வைத்து இருபுறமும் நகர்த்துவது. எழுதச் சுலபம் என்பதால் பலர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் உண்மைத் தொடர் எப்போதும் நட்டநடுவில் இருக்கிறது, போலிகள் சுற்றிலும் பரவிக் கிடக்கின்றன. இரண்டும் ஒரே பானைச் சோறு அல்ல. ஆகவே பி மதிப்பு துல்லியமாக இராது.

பர்ஸ்ட். சில நியூரான்கள் 3, 4 மில்லிசெகண்ட் இடைவெளியில் கொத்தாகத் துடிக்கும். ஸ்பைக்கைத் தனித்தனியாக நகர்த்தினால் கொத்து உடையும். ஒரு ஸ்பைக் துடித்து அரை மில்லிசெகண்டில் அடுத்தது என்று, நியூரானால் முடியாத தொடரெல்லாம் உண்டாகும். கொத்தை ஒரே பொட்டலமாக நகர்த்துங்கள். அல்லது கொத்தின் முதல் ஸ்பைக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் எல்லா நிலைக்கும் அதையே செய்யவேண்டும். ஆழ்தூக்கத்தில் பர்ஸ்ட் கூடும் நியூரான்கள் உண்டு. தூக்கத்துக்கு ஒரு விதி, விழிப்புக்கு ஒரு விதி என்றால் கணக்கு அங்கேயே கெட்டது.

கடைசியாக, இசட் மதிப்பை (தற்செயலைவிட எத்தனை திட்டவிலக்கம் மேலே என்பதை) வைத்து நிலைகளை ஒப்பிடவே கூடாது. விழிப்பில் வீதம் 5-உம் 20-உம் என்றால் பத்து நிமிடத்தில் தற்செயல் எண்ணிக்கை 600. திட்டவிலக்கம் சுமார் 24.5. மயக்கத்தில், அலையை ஒரு பேச்சுக்கு மறந்துவிட்டால், 96-உம் 9.8-உம். இரண்டிலும் ஒத்திசைவு தற்செயலைவிடச் சரியாக 10 சதவீதம் அதிகம் என்று வைப்போம். விழிப்பின் இசட் 2.4, மயக்கத்தின் இசட் 1.0. ஒன்று ‘உண்டு’, மற்றது ‘இல்லை’ என்று எழுதிவிடுவீர்கள். உள்ளபடி இரண்டும் ஒன்றே. போலிகளின் சராசரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை அந்தச் சராசரியாலேயே வகுங்கள். இசட் மதிப்பு சோதனைக்கு. ஒப்பிடுவதற்கு இந்த விகிதம்.

கேள்வி: வீதம் கூடினால் ஒட்டுறவுக் கெழுவும் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) கூடும் என்கிறார்கள். ஸ்பைக் டைம் டைலிங் கெழு இதற்குத் தீர்வு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதைப் போட்டால் ஜிட்டர் வேண்டாமா?
(விரிவுரையாளர், யாழ்ப்பாணம்)

பதில்: வேண்டும். ஆனால் அந்தக் கெழு நல்ல கெழு. 2014-இல் கட்ஸ், எக்லன் இருவரும் வளரும் விழித்திரையின் அலைகளை அளப்பதற்காக முன்வைத்தார்கள். அதில் நான்கு எண்கள்தான். முதல் நியூரானின் ஒவ்வொரு ஸ்பைக்கைச் சுற்றியும் முன்பின் 5 மில்லிசெகண்ட் ஓடு பதித்தால் மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு மூடப்படும்? முதல் நியூரானின் ஸ்பைக்குகளில் எத்தனை பங்கு மற்றதன் ஓட்டின்மேல் விழுகிறது? இதே இரண்டும் இரண்டாம் நியூரானுக்கு.

மேலே கோவை வாசகியின் எண்களையே போட்டுப் பார்ப்போம். முதல் நியூரான் 600 நொடியில் 1200 ஸ்பைக். ஓடு மூடும் நேரம் 12 நொடி, அதாவது 0.02. இரண்டாவது 4800 ஸ்பைக், 48 நொடி, 0.08. (ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதை இங்கே விட்டுவிட்டோம்; நிரலில் விடக்கூடாது.) தற்செயலான 96 ஜோடிகள் மட்டும் இருந்தால், முதல் நியூரானில் 96/1200 = 0.08 பங்கு ஓட்டின்மேல் விழும். அது மற்றதன் ஓட்டுப் பங்குக்குச் சமம், கழித்தால் சுழி. மறுபக்கமும் 96/4800 = 0.02, கழித்தால் சுழி. வீதம் என்னவாக இருந்தாலும் தற்செயல் என்றால் சுழிதான் வரும். இதுதான் அதன் அழகு.

இப்போது 192 போடுங்கள். முதல் பக்கம் 0.16-லிருந்து 0.08 கழித்து, (1 − 0.16 × 0.08)-ஆல் வகுத்தால் 0.081. மறுபக்கம் 0.04-லிருந்து 0.02 கழித்து, (1 − 0.04 × 0.02)-ஆல் வகுத்தால் 0.020. சராசரி 0.05. நுண்ணிய உறவே இல்லாத ஜோடிக்கு 0.05! ஏனென்றால் வீதம் எவ்வளவு என்பதைத்தான் இந்தக் கெழு திருத்துகிறது. வீதங்கள் சேர்ந்து ஏறி இறங்குவதை அது தொடுவதில்லை. ஜிட்டர் செய்த தொடருக்கும் இதே கெழுவைக் கண்டு, கழித்துப் போடுங்கள்.

சாதாரண ஒட்டுறவுக் கெழுவைப் பற்றி நீங்கள் கேட்டது சரி. ஒரே பொது உள்ளீடு வந்தாலும் வீதம் உயர உயரக் கெழு உயரும் என்று 2007-இல் டி லா ரோச்சாவும் சகாக்களும் காட்டினார்கள். எண்ணும் பெட்டியின் அகலமும் அதை ஆட்டிவைக்கும். 10 மில்லிசெகண்ட் பெட்டியில் வந்த கெழுவையும் 1 நொடிப் பெட்டியில் வந்த கெழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கட்டுரைகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

வீதத்தைச் சமன் செய்ய, கூடுதலாக உள்ள ஸ்பைக்குகளைக் கண்மூடித்தனமாக உதிர்த்துவிடுங்கள் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. கவனம். ஏறக்குறைய பாய்சான் போல (ஒவ்வொரு ஸ்பைக்கும் முந்தையதைச் சாராமல் தற்செயலாக) துடிக்கும் இரு நியூரான்களில் பாதிப் பாதி ஸ்பைக்கை உதிர்த்தால் கெழுவும் பாதியாகிவிடும். விழிப்பை மட்டும் உதிர்த்துவிட்டு ‘தூக்கத்தில் ஒத்திசைவு அதிகம்’ என்றால், அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு கத்தரிக்கோலின் வேலை. 10 நொடித் துண்டுகளாக வெட்டி, ஜோடியின் பெருக்கல் சராசரி வீதம் (இரு வீதங்களையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம்) இரு நிலையிலும் ஒரே வரம்புக்குள் வரும் துண்டுகளை மட்டும் எடுத்து ஒப்பிடுவது இதைவிடப் பத்திரம். துண்டுகள் குறைந்துபோகும். போகட்டும்.

கேள்வி: எங்கள் கோரிலோகிராமில் சில ஜோடிகளுக்கு நடுவில் ஊசிபோல் ஒரு மேடு, வேறு சிலவற்றில் நடுவில் பள்ளம். இரண்டும் ஒரே எலி, ஒரே நாள். எதை நம்புவது?
(ஆய்வு மாணவர், சென்னை)

பதில்: இரண்டையும் நம்பவேண்டாம், முதலில் எந்தச் சேனல் (எந்த மின்முனையின் பதிவு) என்று பாருங்கள்.

ஒரே சேனலிலோ பக்கத்துச் சேனலிலோ உள்ள ஜோடி, சுழியில் அரை மில்லிசெகண்டுக்குள் ஊசி மேடு என்றால், ஸ்பைக் பிரிக்கும் மென்பொருள் ஒரே ஸ்பைக்கை இரண்டு நியூரான் கணக்கில் எழுதியிருக்கிறது. சுழியைச் சுற்றி முன்பின் ஒரு மில்லிசெகண்டுக்குள் பள்ளம் என்றால், இரண்டு ஸ்பைக் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடங்களில் மென்பொருள் ஒன்றையோ இரண்டையுமோ தவறவிட்டிருக்கிறது. உண்மையான ஒத்திசைவு எங்கே இருக்குமோ சரியாக அங்கேயே ஓட்டை. பக்கத்துச் சேனல் ஜோடிகளை ஒத்திசைவுக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதே வழக்கம். சுழியில் இல்லாமல் ஒரே பக்கமாக 1 முதல் 3 மில்லிசெகண்ட் தள்ளி ஒரு கூர்மையான மேடு இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஒன்று மற்றதை நேரடியாகத் தூண்டும் சினாப்ஸ் அங்கே இருக்கலாம்.

தூரத்துச் சேனல்களிலும் எல்லா ஜோடிக்கும் சுழியில் ஊசி வந்தால் அது எலி மெல்லுவது, தலையை உதறுவது, கேபிள் ஆடுவது. இந்தக் குப்பை விழிப்பில்தான் வரும், தூக்கத்தில் வராது. ‘விழிப்பில் ஒத்திசைவு அதிகம்’ என்று ஒரு முடிவு கிடைத்தால் முதல் சந்தேகம் இதன்மேல் போகட்டும். எல்லாச் சேனலின் நடுமதிப்பையும் ஒவ்வொன்றிலிருந்தும் கழியுங்கள். அதன்பிறகும், ஒரே மில்லிசெகண்டில் கால்வாசி நியூரான்கள் துடித்ததாகக் காட்டும் இடங்களை மூலப் பதிவில் கண்ணால் பாருங்கள். ஸ்பைக்கின் வடிவம் தெரியாமல் எல்லாச் சேனலிலும் ஒரே கிறுக்கல் என்றால் வெட்டி எறியலாம்.

கேள்வி: தலையில் மாட்டும் ஒரு பட்டை வாங்கினோம். தியானத்தின்போது இடது வலது மூளை 87 சதவீதம் ஒத்திசைவு என்று செயலி காட்டுகிறது. இது நியூரான்களின் ஒத்திசைவா?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: இல்லை. நெற்றியில் உள்ள மின்முனை லட்சக்கணக்கான நியூரான்களின் மங்கலான கூட்டுத்தொகையைக் கேட்கிறது. மண்டையோடும் தோலும் அதை இன்னும் பரப்பிவிடுகின்றன. ஒரே மூலத்தின் மின்சாரம் இரண்டு முனைக்கும் போனால் இரண்டும் ‘ஒத்திசைந்து’தான் தெரியும். போதாததற்கு, இரண்டு முனைகளும் பெரும்பாலும் ஒரே ஒப்பு முனையோடு அளக்கப்படுகின்றன. அங்கே ஒரு ஆட்டம் வந்தால் இரு பக்கமும் சேர்ந்து ஆடும். கண் சிமிட்டினாலே எண் ஏறும், சோதித்துப் பாருங்கள். ஆய்வாளர்கள் இதைத் தவிர்க்க, சுழித் தாமதத்தில் வரும் ஒற்றுமையைக் கணக்கில் சேர்க்காத அளவுகளைப் பயன்படுத்துகிறார்கள். 2004-இல் நோல்டே முன்வைத்த கற்பனைப் பகுதி கோஹெரன்ஸ் அவற்றில் ஒன்று, 2007-இல் ஸ்டாம் முன்வைத்த ஃபேஸ் லேக் குறியீடு இன்னொன்று. தியானம் செய்யப் பட்டை வேண்டாம்.

கேள்வி: ஸ்பைக்கும் எல்எஃப்பி அலையும் (மின்முனையைச் சுற்றியுள்ள நியூரான்களின் கூட்டு மின்னலை) எந்தக் கட்டத்தில், அதாவது அலையின் மேட்டிலா பள்ளத்திலா, பூட்டிக்கொள்கின்றன என்பதை ஃபேஸ் லாக்கிங் மதிப்பால் அளந்தோம். ரெம் தூக்கத்தில் 0.13, விழிப்பில் 0.04. ரெம்மில் மூன்று மடங்கு என்பது சரியா?
(ஆய்வு மாணவி, புதுச்சேரி)

பதில்: ரெம்மில் எத்தனை ஸ்பைக் கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. ரெம் துண்டுகள் குறுகியவை. மெதுவாகத் துடிக்கும் நியூரான் என்றால் 50 ஸ்பைக்தான் தேறியிருக்கும். பூட்டே இல்லாமல், கட்டங்கள் முழுக்கச் சிதறிக் கிடந்தாலும் 50 ஸ்பைக்குக்கு இந்த மதிப்பு சராசரியாக 0.125 வரும். 1000 ஸ்பைக்குக்கு 0.028. உங்கள் மூன்று மடங்கில் பெரும்பகுதி இதுவாகவே இருக்கலாம்.

ஜோடிவாரிக் கட்ட ஒற்றுமை என்ற அளவுக்கு மாறுங்கள். 2010-இல் வின்க் குழுவினர் தந்தது. கையில் இருக்கும் மதிப்பிலிருந்தே வரும்: அதை வர்க்கமாக்கி ஸ்பைக் எண்ணிக்கையால் பெருக்கி, ஒன்றைக் கழித்து, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கவேண்டும். 0.13-உம் 50-உம் என்றால் (0.845 − 1)/49, அதாவது −0.003. பூட்டு இல்லை. விழிப்பில் 0.04, 1000 ஸ்பைக் என்றால் (1.6 − 1)/999 = 0.0006. அதுவும் சுழிதான்! எதிர்க்குறி வந்தால் பயப்படவேண்டாம். சராசரியில் ஏறுமாறு இல்லாத அளவு சுழிக்குக் கீழும் போகும். அதைச் சுழியாக்கித் திருத்தினால் மறுபடி பழைய கோளாறு. மிகக் குறைந்த எண்ணிக்கையில் இந்த அளவும் மேலும் கீழும் ஆடும் என்பதால், ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தபட்ச ஸ்பைக் எண்ணிக்கை ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

அலையை ஸ்பைக் வந்த அதே மின்முனையிலிருந்து எடுக்காதீர்கள். ஸ்பைக்கின் எச்சம் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் அலைக்குள் கசியும். காமா என்னும் வேகமான அலையில் பொய்ப் பூட்டு விழும். சில நூறு மைக்ரோமீட்டர் தள்ளிய முனை போதும். இன்னொன்று, வடிகட்டி எதைக் கொடுத்தாலும் ஒரு கட்டத்தைக் காட்டிவிடும். தீட்டா அலை இல்லாத நேரத்திலும் 6–10 ஹெர்ட்ஸில் வடிகட்டினால் அழகான அலை வரும். அந்தப் பட்டையின் சக்தி சுற்றுப்புறத்தைவிடத் தெளிவாக உயர்ந்திருக்கும் துண்டுகளை மட்டும் எடுங்கள்.

கேள்வி: கால்சியம் படப்பிடிப்பில் (நியூரான் துடிக்கும்போது ஒளிரும் புரதத்தைப் படமெடுப்பதில்) ஒத்திசைவு அளக்கலாமா? எங்களிடம் நொடிக்கு 30 படம் எடுக்கும் இரு-ஃபோட்டான் நுண்ணோக்கி.
(பேராசிரியர், சிங்கப்பூர்)

பதில்: ஒரு படத்துக்கு 33 மில்லிசெகண்ட்; ஜிகேம்ப்6 என்ற ஒளிரும் புரதத்தின் மெதுவான வகை அணைய அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். ஆகவே மெதுவான கூட்டு ஏற்ற இறக்கம் அளக்கலாம், 5 மில்லிசெகண்ட் ஒத்திசைவைப் பற்றிப் பேசமுடியாது. சுற்றியுள்ள நியூரோபில் (செல்களுக்கு இடையே உள்ள நரம்பிழைகள்) ஒளி எல்லாச் செல்லுக்கும் பொது என்பதால், அதைக் கழிக்கும் பெருக்கெண்ணை (பலர் 0.7 என்று வைக்கிறார்கள்) மாற்றி மாற்றிப் போட்டு முடிவு நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 60 நியூரான், 1770 ஜோடி, மூன்று எலி. ஆழ்தூக்கத்திலும் விழிப்பிலும் கெழுவை டி சோதனையால் ஒப்பிட்டதில் பி மதிப்பு 0.0001-க்கும் கீழே. மதிப்பாய்வாளர் ‘உங்கள் மாதிரி அளவு என்ன?’ என்று கேட்டு நிராகரித்துவிட்டார். நிலைகளை டெல்டா என்னும் மெதுவான மூளை அலையின் சக்தியால் பிரித்தோம்.
(ஆய்வாளர், பெங்களூரு)

பதில்: மதிப்பாய்வாளர் கேட்டது நியாயம். முதலில், 1770 என்பது 60 × 59 / 2. அந்த அறுபதும் ஒரே எலியிலா, மூன்றிலும் சேர்த்தா? வெவ்வேறு எலியின் நியூரான்களை ஜோடி சேர்த்திருந்தால் அவற்றை நீக்குங்கள். ஒரே எலி என்றே வைத்தாலும், ஒவ்வொரு நியூரானும் 59 ஜோடிகளில் இடம்பெறுகிறது. ஒரு நியூரான் கூட்டத்தோடு ஒட்டித் துடிக்கும் ரகமாக இருந்தால் 59 கெழுக்களும் சேர்ந்து உயரும். டி சோதனை அவற்றை 59 தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுகிறது. பேசுவதோ ஒரே ஆள். மறுமாதிரி (பூட்ஸ்ட்ராப்) எடுக்கும்போது முதலில் எலி, பிறகு அதற்குள் நியூரான், அந்த நியூரான்களால் உண்டாகும் ஜோடிகள் என்று படிப்படியாக இறங்குங்கள். மூன்றே எலி என்றால் எந்த பூட்ஸ்ட்ராப்பும் உங்களைக் காப்பாற்றாது. மூன்று எலியின் முடிவையும் தனித்தனியே வரைந்து, மூன்றிலும் ஒரே திசைதான் என்று காட்டுவதே நேர்மை.

எந்தெந்த ஜோடி என்று குறிப்பிட விரும்பினால், 0.05 வரம்பில் 1770-இல் 88 ஜோடி சும்மாவே தேறும் என்பதை நினைவில் வையுங்கள். பொன்ஃபெரோனி திருத்தத்துக்கு (வரம்பைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுப்பதற்கு) 1000 போலித் தொடர் பற்றாது. பி மதிப்பு 0.05/1770 வரை இறங்க 35,000-க்கு மேல் வேண்டும். பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறை இங்கே பொருத்தம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறோம். டெல்டா சக்தி உயர்ந்த நேரம் என்றால் அருகில் உள்ள நியூரான்கள் மெதுவாகச் சேர்ந்து ஏறி இறங்கிய நேரம் என்றே அர்த்தம். அதை வைத்து ‘ஆழ்தூக்கம்’ என்று பெயரிட்டுவிட்டு, ஆழ்தூக்கத்தில் சேர்ந்து துடிக்கின்றன என்று கண்டுபிடிப்பது, கொடுத்த பணத்தையே திருப்பி எண்ணுவது போல. கழுத்துத் தசையின் மின்பதிவு, அசைவு, மறு அரைக்கோளத்தின் எல்எஃப்பி இவற்றால் நிலையைப் பிரியுங்கள். 4 அல்லது 10 நொடித் துண்டாகக் குறித்து, நிலை மாறும் இடத்தில் முன்னும் பின்னும் ஒரு துண்டை விட்டுவிடுங்கள். விழிப்பு மூன்று மணி நேரம், ரெம் எட்டு நிமிடம் என்றால் விழிப்பிலிருந்து எட்டெட்டு நிமிடமாக 100 முறை எடுத்துப் பரவலைக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஆய்வுக்கூடம் இல்லை. சாதாரண மடிக்கணினியில் இதையெல்லாம் பழக வழி உண்டா?
(இளங்கலை மாணவர், திருநெல்வேலி)

பதில்: தாராளமாக. நியூரோபிக்ஸல்ஸ் ஊசி ஒன்று 384 சேனலை நொடிக்கு 30,000 முறை பதிகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் 2 பைட் என்றால் மணிக்கு 83 ஜிகாபைட், அதைத் தொடவேண்டாம். பிரித்து முடித்த ஸ்பைக் நேரங்கள் மட்டும் போதும். 200 நியூரான், நொடிக்கு 5 ஸ்பைக், ஒரு மணி நேரம் என்றால் 36 லட்சம் எண்கள். 8 பைட் வீதம் 29 மெகாபைட்தான். அலன் நிறுவனம் எலிகளின் பார்வைப் புறணிப் பதிவுகளை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது; டேண்டி காப்பகத்திலும் ஏராளம். பைத்தானில் எலிஃபண்ட் என்ற நூலகத்தில் கோரிலோகிராம், டைலிங் கெழு, போலித் தொடர் உண்டாக்கும் வழிகள் எல்லாம் எழுதியே இருக்கின்றன.

ஆனால் உண்மைப் பதிவுக்குப் போகுமுன் ஒரு மாலை நேரத்தைப் பொய்ப் பதிவுக்கு ஒதுக்குங்கள். 4-உம் 16-உம் வீதத்தில் ஒன்றையொன்று சாராத இரண்டு பாய்சான் தொடர்களை 600 நொடிக்கு உண்டாக்குங்கள். அரை நொடி விட்டு அரை நொடி இரண்டிலும் ஸ்பைக்குகளை ஒரே நேரத்தில் அழியுங்கள். முன்பின் 5 மில்லிசெகண்டில் எண்ணுங்கள். 96 அல்ல, 190-ஐ ஒட்டித்தான் வரும். பிறகு 25 மில்லிசெகண்ட் ஜிட்டர். இதை 200 புதிய ஜோடிகளுக்குச் செய்து, பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தவை எத்தனை என்று பாருங்கள். 10-ஐச் சுற்றி வந்தால் நிரல் சரி. 40, 50 என்று வந்தால், கட்டத்தின் எல்லையிலோ எண்ணும் சாளரத்திலோ ஒரு பிழை இருக்கிறது. அடுத்து ஜிட்டர் கட்டத்தை 1000 மில்லிசெகண்டாக்கி ஓட்டிப் பாருங்கள். இல்லாத ஒத்திசைவு கிட்டத்தட்ட 200 ஜோடியிலும் வந்து நிற்கும்.